ஃபைலில் எழுதப்படாத வலி

கரு கலைந்த பெண்ணைச் சிறப்பு மருத்துவரிடம் அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள். அடுத்தது எப்போது தங்கும்? கணவர் கேட்பார், மாமியார் கேட்பார், பெண்ணைப் பெற்றவளும் கேட்பாள். கையிலிருக்கும் ஃபைலும் அந்தக் கேள்விக்காகவே தடித்திருக்கும். தைராய்டு, சர்க்கரை, டார்ச் டெஸ்ட், கணவருக்கு எடுத்த விந்தணுப் பரிசோதனை, நாலைந்து ஸ்கேன் படங்கள். அவ்வளவு காகிதத்திலும் இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு எங்கே வலிக்கிறது என்று ஒரு வரி இருக்காது.

அந்த வரி எப்போது வரும் என்பது எனக்குப் பழகிவிட்டது. எல்லாம் பேசி முடித்து, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, மற்றவர்கள் கதவுப் பக்கம் நகர்ந்தபிறகு, குரலை இறக்கிச் சொல்வார்கள். "டாக்டர், அடியில ஏதோ இறங்குற மாதிரி கனமா இருக்கு." "ஒன்னுக்குப் போனா கடைசியில சுருக்குங்குது." "அவரு பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு, உள்ள வலிக்குது." மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மகப்பேறு மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்ததில், கரு கலைந்தபின் வரும் அடிவயிற்றுத் தொந்தரவுகளைப் பற்றி நான் கற்றதில் முக்கால்வாசி இப்படி எழுந்து போகும்போது சொல்லப்பட்டதுதான். அதனால் நாளடைவில் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஃபைலை மூடி வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். "அடுத்த புள்ளயப் பத்தி அப்புறம் பேசுவோம்மா. இப்ப உன் உடம்பு எப்படி இருக்கு?" சிலர் இந்தக் கேள்விக்கே அழுதுவிடுவார்கள். கலைந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். அதுவரை வீட்டில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எண்பதுகளில் நான் மதுரை பெரியாஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தபோது இப்படிப்பட்ட பெண்கள் எங்கள் கண்ணில் படவே இல்லை. கரு கலைந்தபின் அடிவயிறு வலிக்கிறது என்றால் அன்றைக்குச் சீழ் பிடித்திருக்கிறது என்றுதான் முதலில் நினைப்போம். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. ஆனாலும் கிராமங்களில் எருக்கங்குச்சி வைத்துக் கலைப்பது நிற்கவில்லை. குளிர்க்காய்ச்சலோடும் வீங்கி இறுகிய வயிற்றோடும் கொண்டுவந்து போடுவார்கள். தானாகக் கலைந்தவர்களும் மிச்சம் உள்ளே தங்கி, நாள்கணக்கில் ரத்தம் போய், வெளுத்துப்போய் வருவார்கள். ஸ்கேன் கருவி அந்த வார்டுக்கு இன்னும் எட்டவில்லை. எங்கள் பேராசிரியர்கள் கையாலும் மூக்காலும் நோயறிந்தவர்கள். நாடி எப்படி ஓடுகிறது, வயிறு எங்கே இறுகுகிறது, கசிவதற்கு வாடை இருக்கிறதா என்று பார்த்தே முடிவெடுப்பார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனால் அதுவே பெரிது. பிழைத்தவளுக்கு ஆறு மாதம் கழித்து இடுப்பு வலித்தால் யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியாது. கேட்பதற்கு அந்த வார்டில் யாருக்கும் நேரமும் கிடையாது.

அந்த அவசரங்கள் இன்றும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் வீதம் நனைந்துகொண்டே இருப்பது, குளிரெடுக்கும் காய்ச்சல், நாற்றமெடுக்கும் கசிவு, தலைசுற்றி விழுவது, ஒரு பக்கம் குத்தும் வலியோடு தோள்பட்டையும் வலிப்பது. இவற்றில் ஏதாவது இருந்தால் சிறப்பு மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தோள்பட்டை வலியை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் வலி தோளில் தெரியும். கலைந்துவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்ட கர்ப்பம் சில சமயம் குழாயில் இருந்திருக்கும். இப்படி வந்த பெண்களை நேராகத் தியேட்டருக்குள் கொண்டுபோயிருக்கிறேன்.

என் காலத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் கர்ப்பப்பையைச் 'சுத்தம் பண்ணும்' விதத்தில் வந்த மாற்றம். நாங்கள் படித்தபோது எல்லாவற்றுக்கும் டி அண்ட் சி. கியூரெட் என்ற, விளிம்பு கூரான நீண்ட கருவியால் கர்ப்பப்பையின் உட்சுவரைச் சுரண்ட வேண்டும். 'கரகர' என்று கையில் உறைக்கும்வரை சுரண்டினால்தான் சுத்தமானது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் 'கரகர'வுக்கு என்ன விலை என்பது எனக்குப் புரிந்தது மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணால்.

அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. வேறோர் இடத்தில் டி அண்ட் சி செய்திருக்கிறார்கள். ரத்தம் நிற்கவில்லை என்று இரண்டு வாரத்தில் மறுபடியும் சுரண்டியிருக்கிறார்கள். அதன்பின் மாதவிலக்கு வரவேயில்லை. ஏழு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரத்தம் குறைவு, கவலை, அதனால்தான் தூரம் வரவில்லை என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கூட வந்த மாமியாருக்கு வேறு பயம். "இந்த வயசுலயே நின்னுபோச்சா தாயி?" என்று என்னைக் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணிடம் வலி உண்டா என்று கேட்டேன். "எப்பவும் இல்ல. மாசத்துல மூணு நாலு நாளு அடிவயித்த முறுக்கும், அப்புறம் சரியாயிரும்." எந்தத் தேதியில் என்று கேட்டதும், வீட்டு நாள்காட்டியில் அந்த நாட்களைப் பேனாவால் சுழித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மறுநாள் கிழித்த தாள்களையே கொண்டுவந்தாள். இருபத்தெட்டு, முப்பது நாள் இடைவெளியில் சுழிகள் ஒழுங்காக வந்திருந்தன. கருமுட்டைப் பை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மாதவிலக்கு நிற்கவில்லை, வெளியே வர வழியில்லாமல் இருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ரத்தம் தேங்கி நின்றது. சுரண்டிய புண் ஆறும்போது கர்ப்பப்பை வாயை ஒட்டிய பாதையில் சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இந்த ஒட்டுதலை 1894-இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் ஃப்ரிட்ஷ் எழுதியிருக்கிறார். 1948-இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கியதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகோ கரு கலைந்த பிறகோ மென்மையாக இருக்கும் கர்ப்பப்பையை ஆழமாகச் சுரண்டும்போது, மாதாமாதம் புதிதாக வளரும் உட்சவ்வின் வேர்ப்படலமே போய்விடுகிறது. அந்த இடத்தில் தழும்புதான் வளரும். இரண்டாம் முறை சுரண்டினால் ஆபத்து இன்னும் கூடும். அவளுக்கு ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்தோம். கேமராவைப் பார்த்துக்கொண்டே ஒட்டுதலைக் கத்தரித்ததும் பழைய ரத்தம் கருஞ்சிவப்பாக வடிந்தது. மறுபடி ஒட்டாமலிருக்கச் சில நாள் சிறு பலூன் ஒன்றை உள்ளே வைத்திருந்து, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தேன். உட்சவ்வில் ஒரு துணுக்கைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். நம் நாட்டில் கர்ப்பப்பைக்குள் ஒட்டுதல் என்றால் காசநோயையும் சேர்த்துத் தேட வேண்டும். அதற்கு அறிகுறியே இருக்காமல் போகலாம். இருமல் இல்லாத காசநோய் என்று சொன்னால் வீட்டில் நம்ப மறுப்பார்கள். இருந்தால் ஆறு மாத மருந்து அரசே இலவசமாகத் தருகிறது. இவளுக்கு அது இல்லை. அடுத்த மாதம் வலியில்லாமல் மாதவிலக்கு வந்தது.

கியூரெட்டின் காலம் மெல்ல முடிந்தது. கையால் இயக்கும் வெற்றிட ஊசிக்குழலும் அதன் நெகிழும் பிளாஸ்டிக் குழாயும் வந்தன. பிறகு மிசோப்ரோஸ்டால் மாத்திரை வந்தது. கூரான கருவியால் சுரண்டும் முறையை விட்டு வெற்றிட முறைக்கோ மாத்திரைக்கோ மாற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் தெளிவாகவே எழுதிவிட்டது. இளம் மருத்துவர்கள் இதைப் படித்துத்தான் வருகிறார்கள். ஆனாலும் "சுத்தமா எடுத்துருங்க டாக்டர், கொஞ்சங்கூட இருக்கக் கூடாது" என்று குடும்பத்தார் நெருக்கும்போது பழைய கருவிக்குக் கை போகிற இடங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த நெருக்கடிக்கு மருத்துவர் இடம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஸ்கேன் ஊருக்கு ஊர் வந்தபின் புதிய தொல்லை ஒன்று தொடங்கியது. 'உள்ளே மிச்சம் இருக்கலாம்' என்று அறிக்கையில் ஒரு வரி வந்துவிடும். கலைந்து பத்தாம் நாள் எடுத்த ஸ்கேனில் கொஞ்சம் ரத்தக்கட்டி தெரிவது பெரும்பாலும் இயல்பு. காய்ச்சல் இல்லை, ரத்தப்போக்கு குறைந்துவருகிறது என்றால் அடுத்த மாதவிலக்கோடு அது தானாக வெளியேறிவிடும். அந்த ஒரு வரிக்குப் பயந்து ஓடிவந்த பெண்களைத் தேற்றி, காத்திருக்கச் சொல்லி அனுப்பியது என் வேலையில் பெரும்பங்கு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலருக்குக் கரு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் பெருத்துப் பின்னி நிற்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் அங்கே கருவியைவிட்டால் அடைக்க முடியாத அளவுக்கு ரத்தம் கொட்டும். ஆகவே விட்டுவிட்டு வெள்ளமாக ரத்தம் போகிறது என்று சொல்லும் பெண்ணை உடனே மேசையில் ஏற்றிவிடாமல் முதலில் டாப்ளர் எடுக்கச் சொல்வேன்.

திண்டுக்கல் பக்கமிருந்து வந்த ஒருத்தியை இங்கே எழுதியாக வேண்டும். கலைந்து இரண்டரை மாதம் ஆகியும் அவ்வப்போது ரத்தம் பட்டுக்கொண்டேயிருந்தது. அடிவயிற்றில் கனம், வாந்தி வருகிற உணர்வு. மறுபடி கர்ப்பமோ என்று வீட்டிலேயே கிட் வாங்கிப் பார்த்திருக்கிறாள். இரண்டு கோடு. வீட்டில் சந்தோஷம்! ஸ்கேனில் கருவைக் காணோம் என்றதும் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான் முதலில் கேட்டது ஸ்கேனைப் பற்றி இல்லை. "மொத தடவ எடுத்தாங்களே, அதை லேபுக்கு அனுப்புனாங்களாம்மா?" அவள் கணவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி அண்ட் சி செய்யப்பட்டது, நலமாக உள்ளார்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

கலைந்தபின் கர்ப்ப ஹார்மோன் ரத்தத்திலிருந்து மறைய மூன்று நான்கு வாரம், சிலருக்கு அதற்குச் சற்று மேலும் ஆகும். இரண்டரை மாதம் ஆகாது. பீட்டா எச்சிஜி என்ற அந்த ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தபோது அது பல ஆயிரத்தில் நின்றது, அடுத்த வாரம் ஏறியிருந்தது. முதலில் கலைந்தது முத்துப்பிள்ளைக் கர்ப்பம். கருவாக உருவாக வேண்டியது சிறுசிறு நீர்க்கொப்புளங்களாக வளர்ந்துவிடும் கர்ப்பம் அது. முழுமையானதென்றால் ஸ்கேனிலேயே ஓரளவு தெரிந்துவிடும். பகுதி முத்துப்பிள்ளை சாதாரணக் கருச்சிதைவு மாதிரியே தோன்றும். எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிடிபடும். அதன் எச்சம் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்து வளரலாம், அரிதாகப் புற்றாகவும் மாறலாம்.

அவளிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் இந்த நோயைப் பற்றி நல்ல செய்தியும் சேர்த்துச் சொல்ல முடியும் என்பது என் தலைமுறைக்குக் கிடைத்த பேறு. 1956-இல் அமெரிக்காவில் மின் சியு லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியால், உடம்பெங்கும் பரவிய இதே வகைப் புற்றைக் குணப்படுத்திக் காட்டினார்கள். பரவிய கட்டியொன்று மருந்தாலேயே முழுக்கக் கரைந்த முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று. நேரத்தோடு கண்டுபிடித்தால் கிட்டத்தட்ட எல்லோருமே பிழைக்கிறார்கள், கர்ப்பப்பையையும் காப்பாற்றலாம். அவளுக்கும் அதே ஊசிதான். வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை, அளவு இறங்குவதை ஒரு நோட்டில் அவளே எழுதிக்கொண்டு வருவாள். கீழே வந்து நின்றபின் ஓராண்டு கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று சொன்னபோது மாமியார் முகம் சுளித்தார். "ஆச்சி, இப்ப அவசரப்பட்டா உங்க மருமக உடம்புல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்" என்றேன். அதன்பின் அவரே பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அந்த ஒரு லேப் சீட்டு இருந்திருந்தால் இரண்டரை மாதம் வீணாகியிருக்காது. இதனால்தான் இரண்டாவது கருத்துக் கேட்க வருகிறவர்களிடம், புதிதாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு வராதீர்கள், பழைய காகிதத்தைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்று போனிலேயே சொல்லச் சொல்லியிருக்கிறேன். கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதி, எத்தனை வாரத்தில் கலைந்தது, தானாகவா மாத்திரையாலா கருவியாலா, எத்தனை முறை, திசு லேபுக்குப் போனதா, ரத்த வகை என்ன. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போடப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும். இவ்வளவும் தெரிந்தால் பாதி முடிவை நான் பரிசோதனைக்கு முன்பே எடுத்துவிடலாம். நல்ல மருத்துவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் இவை எல்லாமே நாலு வரியில் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் எழுதியனுப்பிய குறிப்புகள் சில, பெரிய ஊர்களின் அச்சடித்த சம்மரிகளைவிட எனக்கு உதவியிருக்கின்றன.

இனி சொல்லப்போவது ஸ்கேனிலும் லேபிலும் அகப்படாத வலி. இதற்குத்தான் நான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது.

பள்ளி ஆசிரியை ஒருவர். பதினோராம் வாரத்தில் கலைந்திருந்தது. மாத்திரையிலேயே முழுவதும் வெளியேறிவிட்டது, கருவி படவேயில்லை. ஆனால் எட்டு மாதமாக உட்கார்ந்தால் அடியில் வலி, வகுப்பில் நின்றே பாடம் நடத்துகிறார். சிறுநீர் கழித்தபின் எரிச்சல். சிறுநீரில் கிருமி இல்லை என்று ஒவ்வொரு முறையும் அறிக்கை வந்தும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தாம்பத்தியம் முற்றாக நின்றுபோயிருந்தது. கடைசியாகப் பார்த்தவர் "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாக்கியம் அவரை எவ்வளவு காயப்படுத்தியிருந்தது என்பது அவர் அதைத் திருப்பிச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. உடலைச் சரியாகத் தொட்டுப் பார்க்காமல் மனசைக் காரணம் காட்டுவது மருத்துவத்தில் நான் வெறுக்கும் பழக்கம்.

பரிசோதிக்கும் முன் அவரிடம் சொன்னேன்: "டீச்சர், கருவி எதுவும் இல்ல. ஒரு விரல் மட்டுந்தான். வலிச்சா கையைத் தூக்குங்க, அந்த நிமிஷமே எடுத்துருவேன்." கர்ப்பப்பை நன்றாக இருந்தது, அசைத்தால் வலியில்லை. பிறகு பக்கவாட்டில், கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்கி நிற்கும் தசையை மெதுவாக அழுத்தினேன். கை உயர்ந்தது. "இதான் டாக்டர். இதே வலிதான்." எட்டு மாதத்தில் முதல்முறையாக அவருடைய வலிக்கு ஓர் இடம் கிடைத்தது. அவர் முகத்தில் வேதனையைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

அந்தத் தசை நாளெல்லாம் இறுக மூடிய கைபோல இருந்தது. ரத்தம் பட ஆரம்பித்த முதல் வாரத்தில், எங்கே விழுந்துவிடுமோ என்ற பயத்தில் எழும்போதும் நடக்கும்போதும் அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்ததாக அவரே பிறகு சொன்னார். கரு போய்விட்டது, பிடி தளரவில்லை. அதற்கு மேல் ஒரு வினை. இடுப்புத்தசை பலவீனத்துக்குக் கீகல் பயிற்சி நல்லது என்று வீடியோவில் பார்த்து, தினமும் ஏராளமாகச் செய்துகொண்டிருந்தார். ஆர்னால்ட் கீகல் 1948-இல் எழுதியது பிரசவத்தால் தளர்ந்துபோன தசைகளுக்காக. தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்ணுக்கு அது அருமையான பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். அடியில் கனம் என்று இரண்டு பெண்கள் ஒரே சொல்லைச் சொன்னாலும், ஒருத்திக்குத் தசை தளர்ந்திருக்கும், இன்னொருத்திக்கு இறுகியிருக்கும். தொட்டுப் பார்க்காமல் பயிற்சி எழுதிக்கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு மருந்துச் சீட்டு பெரிதாக உதவாது. பிசியோதெரபிஸ்ட் வேண்டும். அன்றைக்கு எங்கள் பக்கம் கழுத்துக்கும் முழங்காலுக்கும்தான் பிசியோதெரபி என்று இருந்தது. ஆர்வமுள்ள ஒரு பெண் பிசியோதெரபிஸ்டோடு சேர்ந்து படித்து, படிப்படியாக இதைத் தொடங்கினோம். வயிறு எழும்பி இறங்கும்படி மூச்சு விடுவது, மூச்சு உள்ளே போகும்போது அடித்தசையைத் தளரவிடுவது, முழங்காலை மடக்கிக் குழந்தைபோலக் குப்புறக் கிடப்பது, மலச்சிக்கலைப் போக்கி முக்காமல் இருக்கப் பழகுவது. கணவரையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசினேன். மனைவி தன்னை வெறுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து மாதத்தில் ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினார். நடுவில் ஒருநாள் வந்து, கலைந்த குழந்தையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். உடம்புக்குச் சிகிச்சை தொடங்கியபின்தான் அவரால் துக்கத்தைப் பேச முடிந்தது. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னபோதும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வலியை நாங்கள் நம்பினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நாலைந்து மாதத்துக்கு மேல் கரு வளர்ந்து கலைந்தவர்களின் கதை தனி. உடம்பைப் பொறுத்தவரை அது பிரசவமேதான். மூன்றாம் நாள் பால் கட்டும் என்று பெரும்பாலோரிடம் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ஈரமான ரவிக்கையை மறைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். பால் வற்ற மாத்திரை இருக்கிறது, முன்கூட்டியே கொடுத்திருக்கலாம். வலியே இல்லாமல் கர்ப்பப்பை வாய் திறந்து குழந்தை நழுவியது என்று ஒருத்தி சொன்னால் அந்த விவரத்தை நான் சிவப்பு மையில் எழுதி வைப்பேன். பம்பாயின் வி. என். ஷிரோத்கர் 1955-இல் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்த்தையல் அடுத்த கர்ப்பத்தில் அவளுக்கு உதவக்கூடும்.

இவர்களுக்கு ஓய்வு கிடைப்பதேயில்லை. குழந்தை பிறந்த வீட்டில் பச்சை உடம்பு என்று வெந்நீர் ஊற்றுவார்கள், பத்தியச் சோறு போடுவார்கள், குடம் தூக்க விடமாட்டார்கள். குழந்தை இல்லாமல் திரும்பியவள் அடுத்த வாரமே குடம் தூக்குகிறாள். உசிலம்பட்டிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், தன் பேத்தியை அழைத்து வந்தவர், என்னிடம் அடித்துச் சொன்னார்: "முழுப்பேத்துக்கு ஆறுற உடம்பு குறைப்பேத்துக்குச் சீக்கிரம் ஆறாது டாக்டரம்மா. நான் இவள ஒரு மாசம் எந்திரிக்க விடல." ஒரு மாதம் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை, நடமாட்டம் நல்லது. ஆனால் அந்தக் கிழவியின் அக்கறை எல்லா வீட்டிலும் இருந்தால் என்னிடம் வரும் இடுப்பு வலியில் ஒரு பகுதி குறையும். கலைந்தபின் இரண்டு வாரம்வரை கொஞ்சம் ரத்தம் படலாம், நான்கிலிருந்து ஆறு, சிலருக்கு எட்டு வாரத்தில் மாதவிலக்கு திரும்பும், முதல் மாதவிலக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் வலியோடும் வரலாம். இதற்கு அப்பாலும் நீளும் எதையும் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண், கலைந்து பத்து நாளில் நின்றுகொண்டே ஷிப்ட் பார்த்து, இடுப்பு விட்டுப்போகிற வலியோடு வந்தாள். பரிசோதித்ததில் லேசான கிருமித் தொற்று இருந்தது. மருந்து எழுதிவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னேன். "புள்ள பொறந்தாத்தான் லீவாம் டாக்டர். இதுக்கெல்லாம் கெடையாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு" என்றாள். அன்றைக்கு நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு இருந்தது. கருச்சிதைவு நடந்தால் மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதனால் உடல்நலம் கெட்டிருந்தால் பத்தாம் பிரிவின்படி மேலும் ஒரு மாதம் வரை. மருத்துவரின் சான்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கலைந்த தேதி, எத்தனை வாரம், என்ன சிகிச்சை, இப்போது என்ன நோய் என்று எழுதி, இரண்டு பிரிவுகளின் எண்ணையும் குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆலையில் முதலில் தயங்கினார்கள், தொழிலாளர் துறைக்கு எழுதுவதாக அவள் அண்ணன் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் இந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் அச்சடித்துவிட்டேன்.